புதூர்நாட்டில் ஒரு ஹோம் தியேட்டர்

ஹோம் தியேட்டர் பற்றி மாதக்கணக்கில் படித்த நான், காலியான அறை எதிரொலிக்கும் என்பதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன். மலிவாகக் கிடைத்த பழைய ஸ்பீக்கர் செட்டை ஜீப்பில் மடியிலேயே வைத்துப் புதூர்நாட்டுக்குக் கொண்டுவந்தேன். தியேட்டருக்கு இடம் வேண்டுமே என்று, கூடத்தில் அடுக்கியிருந்த சாமை மூட்டைகளை வாசலுக்குத் துரத்தினேன்.

ஞாயிறு மதியம், கண்ணமங்கலத்திலிருந்து மச்சான் படம் பார்க்க வந்தான். அவனிடம் போனிலேயே ஏகத்துக்கு அளந்திருந்தேன். படம் தொடங்கியது. கதாநாயகன் கிணற்றுக்குள்ளிருந்து பேசினான்.

"இன்னா மாமா சொல்றான்? ஒண்ணும் புரியலயே!"

"புதுசு இல்லையா, போகப்போகப் பழகிடும்" என்றேன், வாங்கி வந்த மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

"சாமை நனையுது, எந்திரிங்க!" என்று மனைவி கத்தினாள். எல்லோருமாக மூட்டைகளை உள்ளே இழுத்துச் சுவரோரம் இடுப்பளவுக்கு அடுக்கினோம். என் தியேட்டர் குடோன் ஆகிவிட்டது. மழை ஓய்ந்து, மூச்சு வாங்க உட்கார்ந்தால், கதாநாயகன் பக்கத்தில் அமர்ந்து பேசுவதுபோல அத்தனை தெளிவு! எதிரொலியை மூட்டைகள் விழுங்கியிருந்தன.

"மாமா, தேட்டர் கணக்கா கீது!" என்றான் மச்சான்.

என் வாழ்க்கையில் உருப்பட்டதெல்லாம் நான் கெடுத்து, மற்றவர்கள் அவசரத்தில் சரிசெய்தவைதான். ஆனாலும் அன்று அந்தக் கூடத்தைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

படம் முடிந்ததும் மனைவி எழுந்தாள்.

"ஒரு வார்த்த வுடாம புரிஞ்சிச்சிங்க. புரியாதப்பதான் படம் நல்லா இருந்துச்சி."