மணியம் அண்ணே கேட்ட ஒரு வரி

மணியம் அண்ணே காலமானார். இன்று அதிகாலை, கிள்ளானில் மகள் வாசுகியின் வீட்டில், தூக்கத்திலேயே. ஆறு நாற்பதுக்கு வாசுகியே போன் செய்து சொன்னார்.

வயது எண்பத்து மூன்று. ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பாதி வாழ்க்கை சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வயதுக்காரர்களுக்கு அவரை வேறு காரணத்துக்காகத் தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காற்பந்தோ ஹாக்கியோ, நம்ம மாநில அணி ஆடினால் அவர் திடலில் இருப்பார். எப்போதும் நம்ம கோலுக்குப் பின்னால். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் அவரும் குடையை எடுத்துக்கொண்டு, திடலைச் சுற்றி நடந்து, எதிர்முனைக்குப் போய்விடுவார்.

நம்ம ஆள் அடித்த கோல் எதையும் அவர் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"அடிக்கிறத ஊரே பாக்கும், தம்பி. வாங்கும்போது ஒரு ஆளாச்சும் பக்கத்துல நிக்க வேணாமா?"

நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டுச் செய்தியாளன். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார். அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே கிடையாது.

கோலாலம்பூர் எங்கள் மாநிலத்திலிருந்து தனியாகப் பிரிந்து, பிறகு தனியாகக் காற்பந்து அணியும் வைத்தபோது பிரிக்பீல்ட்ஸே இரண்டாகப் பிரிந்தது. அண்ணே பழைய மாநில அணியை விடவில்லை. காப்பிக் கடையில் யாரோ அவரைச் சீண்டினார்கள். "அண்ணே, வீடு இங்க, கைதட்டு மட்டும் அங்கயா?"

"நான் வீடு மாறலலா. எல்லையத்தானே அவனுங்க மாத்துனானுங்க!"

தொண்ணூறுகளில் சம்பளத்துக்கு ஆடும் லீக் வந்தது, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவருக்கு அதில் மனசு ஒட்டவே இல்லை. "நல்லாத்தான் ஆடுறான், தம்பி. ஆனா தோத்தா மறுநாள் அவனை பாசார்ல காய் வாங்குறப்ப பாக்க முடியுமா? பாத்து நாலு வார்த்தை திட்ட முடியுமா?"

ஆனால் அவருடைய உயிர் ஹாக்கியில்தான் இருந்தது. காற்பந்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம்; ஹாக்கிக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். அதைக் குறையாகவே சொல்லமாட்டார்.

"புட்பால் ஆட்டம் கல்யாண வீடு. கூட்டம் தானா வரும். ஹாக்கி சாவு வீடு மாதிரி, தம்பி... தெரிஞ்சவன்தான் வருவான்."

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஹாக்கி அரையிறுதி. புல்திடல், நல்ல மழை. நம்ம கோல்காவலர் குணா, இருபத்திரண்டு வயசுப் பையன். விளையாட்டுப் பக்கம் ஏழு மணிக்கு மூடிவிடும். அதனால் கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போதே எதிரே காப்பிக் கடை போனைப் பிடித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆபீஸுக்குச் செய்தியைச் சொல்லிக்கொண்டே இருப்போம். கோல் கணக்கை மட்டும் கடைசியில் சேர்ப்போம்.

அன்றும் போனில் இருந்தேன். திடலில் சத்தம். ஓடிவந்த ஒருவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "பெனால்டி கார்னர்ல கோல், பாஸ். கீப்பர் விட்டுட்டான்லா."

அப்படியே சொன்னேன். மறுநாள் அப்படியே வந்தது: 'கோல்காவலர் குணா கோட்டை விட்டார்.'

காலை பத்து மணிக்கு மணியம் அண்ணே ஆபீஸ் வாசலில். கையில் பேப்பர்.

"தம்பி, நீங்க பாத்தீங்களா?"

"இல்லண்ணே. போன்ல இருந்தேன்."

"நான் பத்தடி பின்னால நின்னேன். குணா தடுத்துட்டான். கால் பேட்ல பட்டு வெளிய வந்த பந்து, நம்ம பேக் ஆட்டக்காரன் ஸ்டிக்ல பட்டு உள்ள போச்சு. ஒரு வரி போடுங்க. ஒரே ஒரு வரி."

ஆசிரியரிடம் கேட்டேன். "தோத்த ஆட்டத்துக்கு ரெண்டாவது தடவை இடமா? நாளைக்கு புட்பால் இருக்குப்பா" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் குணா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. என் வரிதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

மணியம் அண்ணே கோபித்துக்கொள்ளவில்லை. பழையபடியே பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, குடையை விரித்துக்கொண்டே, "அந்த ஒரு வரி?" என்பார்.

புல் போய்ச் செயற்கைத் திடல் வந்த பிறகும் கேட்டார். நான் வேலையை விட்ட பிறகும் கேட்டார்.

போன மாதம் கிள்ளானுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்த ஒரு வரி?"

"பத்திரிகையே இப்ப கையில இல்லையேண்ணே."

"அதனால என்ன... போன்ல ஏதேதோ எழுதுறீங்களாமே, வாசுகி சொல்லுச்சு. அதுல போடுங்க."

எழுதுறேன்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று...

திருத்தம்: அந்த அரையிறுதியில் விழுந்த கோல் குணாவின் தவறால் விழுந்ததல்ல. அவர் பந்தைத் தடுத்தார். அது நம் தடுப்பாட்டக்காரரின் மட்டையில் பட்டு உள்ளே போனது. நேரில் பார்த்தவர், கோலுக்குப் பின்னால் நின்ற மணியம். எழுதியவன் பார்க்கவில்லை.

இறுதிச் சடங்கு நாளை பிற்பகல் இரண்டு மணிக்கு, கிள்ளானில் மகள் வீட்டில். முகவரி வேண்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

குணா இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறார். நம்பர் தேடிப் பிடித்து மதியம் கூப்பிட்டேன். அண்ணே போன செய்தியைச் சொன்னேன்; சடங்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "வரேன்" என்றார். திருத்தத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அவர் முகநூல் பார்ப்பதில்லையாம்.

நாளை காலை பத்தரை ரயிலில் வருகிறார். கிள்ளான் ஸ்டேஷனில் நிற்பேன். அவர் கையில் கொடுக்க அந்தத் திருத்தத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

தெரிஞ்சவங்க வர்றோம், அண்ணே.