நாற்பது சான்றிதழும் கால் பங்கு மையும்

பிரிண்ட் அவுட் கடைக்காரன் காகிதம் விற்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அவன் நாள் முழுக்க மைக்குக் காவல் இருக்கிறான். பிரிண்டரை மலிவாக வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க அதற்கு மை வாங்கிக்கொண்டிருக்கும் சக துன்பவாசிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தண்டையார்பேட்டையில் என் கடை. பிரிண்டர் ஒன்றுதான், அதில் கறுப்புக்கு ஒரு கார்ட்ரிட்ஜ், கலருக்கு ஒன்று. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, கலரில் கால் பங்கு மைதான் மிச்சம் என்று கணினி காட்டியது. சனிக்கிழமை மாலைக்குள் வியாசர்பாடி கால்பந்துப் போட்டிக்கு நாற்பது கலர் சான்றிதழ் அடித்துத் தர வேண்டும். கோச் தாஸ் மாஸ்டர் கொடுத்த முன்பணம் அன்று காலையே மின்கட்டணமாகப் போய்விட்டதால் புது கார்ட்ரிட்ஜுக்கு வழியில்லை. அவர் போகும்போது சொல்லிவிட்டும் போயிருந்தார்: "இத்த காட்டி காலேஜ்ல சீட்டு கேக்கப்போற பசங்க கீறாங்க. சாயம் போன பேப்பரு வந்துச்சுன்னா, கிரவுண்டுல நான் நிக்க முடியாது நைனா."

திங்கள்: கணவாய்

முதலில் வந்தவர் பிலோமினா அக்கா. காசிமேட்டில் மீன் விற்பவர். ஆதார் அட்டை கலரில் வேண்டும் என்றார். கறுப்பு வெள்ளையிலும் அது செல்லும் என்றேன். கேட்கவில்லை. பிரிண்டர் மை எவ்வளவு விலை உயர்ந்தது, சொட்டுக்குச் சொட்டு பார்த்தால் அத்தரெல்லாம் எந்த மூலைக்கு என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். படித்தவன் என்பதை நிரூபிக்க எனக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் குறைவு.

அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "கணவா மீனு வாங்குறவங்களுக்கு நான் அதோட மைய சும்மாதான் குடுக்கறேன். வோணான்னு அவங்களே கழுவி ஊத்திர்றாங்க. நீ கலர்ல போடு."

செவ்வாய்: ஹாரன்

மறுநாள் எண்ணூரிலிருந்து ஒரு கன்டெய்னர் லாரி டிரைவர் வந்தார். துறைமுக கேட்டில் காட்ட ஒரு பக்கக் கடிதம் வேண்டும். முழுக்கக் கறுப்பு எழுத்து. எனக்கு நிம்மதி. பிரிண்டருக்குத்தான் மனமில்லை. கலர் மை குறைவு என்று விளக்கு எரிந்தது. காகிதத்தைப் பாதி விழுங்கிவிட்டு நின்றது. கறுப்பு கார்ட்ரிட்ஜோ வழிய வழிய இருந்தது.

நான் கையேட்டைத் திறந்தேன். பதினோரு மொழிகள்; தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் தேடிப் படித்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் கையை நீட்டி, எரிந்துகொண்டிருந்த பொத்தானை அழுத்தி, ஐந்தாறு விநாடி விடாமல் பிடித்தார். விளக்கு அணைந்தது. கடிதம் வந்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அதே வழிதான் போட்டிருக்கிறது என்பதைப் பிறகு கண்டுபிடித்தேன்.

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஹாரன் ரிப்பேருன்னா என் லாரி வண்டி ஓடமாட்டேன்னு சொல்லுமா மாமு?"

புதன்: ஊசி

வண்ணாரப்பேட்டை காதர் பாய் தீர்ந்த கார்ட்ரிட்ஜில் ஊசியால் மை ஏற்றித் தருபவர். போன் செய்ததும் பையோடு வந்துவிட்டார். கலர் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். டிஷ்யூ காகிதத்தில் ஒற்றிப் பார்த்தார். நீலமும் மஞ்சளும் தாராளமாகப் படிந்தன. இளஞ்சிவப்பு மட்டும் ஒரு மெல்லிய கீற்று.

ஏற்கெனவே ஐந்து முறை அவரே ஊசி போட்டது. உள்ளே பஞ்சு நைந்துவிட்டது, இன்னொரு முறை குத்தினால் மூன்று நிறமும் கலந்து சேற்று நிறமாகிவிடும் என்றார். தலையணையில் கிடத்துவதுபோல் அதைத் திரும்பப் பொருத்தினார்.

"ஐசியு கேஸு சார். சனிக்கெழம வரைக்கும் பாக்க யாரையும் வுடாதீங்க."

வியாழன்: சிவப்புச் சட்டை

விடாமல் இருக்க முடியவில்லை. தகப்பனாரை அன்று காலை இழந்த ஒருவர், அஞ்சலிப் படம் வேண்டுமென்று வந்து நின்றார். அவருடைய போனில் பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார், ரத்தச் சிவப்புச் சட்டையில். சிவப்பு என்பது அச்சில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தது.

அஞ்சலிப் படத்துக்குக் கறுப்பு வெள்ளைதான் கம்பீரம் என்று மெதுவாகச் சொன்னேன். துக்க வீட்டுக்காரரிடம் மை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க நைனா ரிடையர் ஆனப்ப கூட பச்ச பேன்ட்டு, செவப்பு சட்டதான் போட்டுகினு போனாரு. செத்துட்டாருன்னு இப்ப வெள்ள சட்ட மாட்டி வுட்டா, எய்ந்து வந்து ஒதைப்பாரு."

கலரில்தான் போட்டேன். பெரிய அளவில்.

சனி: மூன்று அடுக்கு

சான்றிதழில் தடித்த சிவப்பு பார்டர், நடுவில் சிவப்பில் ஒரு கோப்பை. தாஸ் மாஸ்டர் கொடுத்த பட்டியலின்படியே அடித்தேன்: ஜெயித்த அணிக்குப் பதினான்கு, இரண்டாமிடத்துக்குப் பதினாறு, கலந்துகொண்டவர்களுக்குப் பத்து. முதல் பதினான்கு நல்ல சிவப்பு. பதினைந்தாவதில் பார்டர் கொஞ்சம் வெளுத்தது. இருபதில் சுத்தமான ஆரஞ்சு. கார்ட்ரிட்ஜைக் கழற்றி ஆட்டினேன், ஊதினேன், வெயிலில் காட்டினேன், வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். முப்பதாவதுக்கு மேல் இளஞ்சிவப்பு அடியோடு நின்று, பார்டரும் கோப்பையும் மஞ்சள் குளித்து வந்தன. மணி நான்கு. ஐந்துக்குப் பரிசளிப்பு.

தாஸ் மாஸ்டர் வந்தார். முன்பணத்தைத் தவணையில் திருப்பித் தருகிறேன் என்பதற்கு ஒரு கண்ணியமான வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் கட்டைப் புரட்டினார். நிறம் மாறிய இடத்தில் நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார். மேசையில் சிவப்பு ஒரு அடுக்கு, ஆரஞ்சு ஒரு அடுக்கு, மஞ்சள் ஒரு அடுக்கு என்று பிரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஜெயிச்சவனுக்கு ஒண்ணு, தோத்தவனுக்கு ஒண்ணு, வந்தவனுக்கு ஒண்ணா? நல்லாத்தான் கீது நைனா. ஆனா இதுக்குன்னு எக்ஸ்ட்ரா துட்டு கேக்காத, நான் இப்புடி போட சொல்லல."

கேட்கவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. மிச்சப் பணத்தை வாங்கி, அன்றே புது கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அடுத்த வாரமே ராயபுரத்திலிருந்து கேரம் கிளப்காரர்கள் வந்து, வியாசர்பாடிக்குப் போட்ட அதே மூன்று நிறச் சான்றிதழ் தங்களுக்கும் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். மை தீர்ந்தபோது தானாக வந்து விழுந்த ஆரஞ்சையும் மஞ்சளையும், இப்போது விலை கொடுத்து வாங்கிய மையைச் செலவழித்து நான் வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.