எனக்கென்று வாங்கிய வான்

ஓய்வு பெற்ற கையோடு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கணவர் மோட்டார் ஹோம் வாங்கினார். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள, பஸ் போன்ற வண்டி. போகிற இடமெல்லாம் அதற்குள் அடைந்து கிடக்க என்னால் முடியாது என்றேன். பின்னால் ஒரு சின்ன வான் வண்டியைக் கட்டி இழுத்துப் போவோம், நீர் நினைத்த இடத்துக்குப் போய் வரலாம் என்றார். புவாண்ட்-கிளேரில் இருந்த வேலைக்குக் கொட்டும் பனியிலும் தனியாகக் காரோட்டிப் போனவள் நான். அவர் சொன்னதை நம்பி, என் காரைக் கொடுத்து வானை மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தேன்.

லவாலில் பழைய வாகனங்கள் விற்கும் இடத்தில் இரண்டு வான்கள் நின்றன. ஒன்று வெள்ளை, ஓட்டோமட்டிக். படி தாழ்வாக இருந்ததால் சத்திரசிகிச்சை செய்த இடது முழங்கால் நோகாமல் ஏறி ஒரு சுற்று ஓட்டினேன். சாம்பல் நிற வானுக்குக் கிளச் மிதித்துக் கையால் கியர் மாற்ற வேண்டும்; ஆனால் அதை அப்படியே கட்டி இழுக்கலாம். வெள்ளையை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி பழுதாகிவிடும், முன்சக்கரங்களை ஒரு சின்ன இழுவை வண்டியில் ஏற்றினால் பயமில்லை என்றார் விற்பவர்.

"ஒவ்வொரு இடத்திலயும் அதைக் கழட்டிப் பூட்ட ஆர் மினக்கெடுறது?" என்றார் இவர்.

"கிளச் மிதிக்க என்ர காலுக்கு ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே."

"பேந்து பழகலாம்."

சாம்பல் நிறத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பார்க்க வந்த உறவினரிடமெல்லாம், இவவுக்காகத்தான் வாங்கினது என்று சொன்னார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தக் கோடையில் காஸ்பே பக்கம் ஆற்றோரமாகத் தங்கினோம். விடிந்ததும் வானை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவார். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் முடிந்துவிட்டது. பெருந்தெரு ஓரமாக நொண்டி நொண்டிக் கடைக்குப் போய்த் திரும்பும்போது வான் பக்கத்தில் வந்து நின்றது.

"சொல்லியிருந்தா நான் ஏத்திக்கொண்டு போயிருப்பன்தானே," என்றார்.

பாண் பையோடு ஏறினேன். அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மறு கோடை நான் வரவில்லை என்றேன். சரி என்று வானைக் கட்டிக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். எங்கள் வீடு இருக்கும் இல்-பிசாரில் பஸ் குறைவு. வைத்தியரிடம் போகும் நாட்களில் நேரத்தோடு போய் பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறேன்.