பதினாலு தக்காளிச் செடியும் ஒரு பழியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு வாசலில் ஐந்து பால் டின்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளி நாற்று. பிலோமியம்மா தெருவில் ஐந்து வீடுகளுக்கு ஆசையாகக் கொடுத்தவை. ஐந்தும் திரும்பி வந்துவிட்டன. நேரில் கொடுக்க யாருக்கும் தைரியமில்லை... விடிவதற்குள் வைத்துவிட்டு நழுவிவிட்டார்கள்.

காரணம்? அடியேன்தான்.

பிலோமியம்மாவின் கணவர் தோணியில் போகிறவர். கொழும்பு, கொச்சி என்று அவர் கடலில் இருக்கும் நாட்களில் அந்தம்மா புறவாசலில் செடிகளோடு இருப்பார். என் மனைவி அலமேலு ஆழ்வார்திருநகரிக்காரி. ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த உப்புத் தண்ணீர் ஊருக்கு வந்து ஆறு வருஷம். மனம்விட்டுப் பேச ஓர் ஆள் என்றால், மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிலோமியம்மாதான். அவர் கொடுத்த பதினாலு நாற்றை எங்கள் புறவாசலில் நட்டாள். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும் என்று குழாயில் பிடித்த நல்ல தண்ணீரில் பங்கு போட்டு ஊற்றினாள். இலையில் படாமல், வேரோரமாக.

அதோடு விட்டிருந்தால் செடி பிழைத்திருக்கும். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் வீட்டில் அது நடக்குமா?

நான் புத்தகம் வாங்கினேன். இங்கிலீஷ் புத்தகம். இலைக்கும் தண்டுக்கும் நடுவே முளைக்கிற பக்கக் குருத்தைக் கிள்ள வேண்டும் என்று போட்டிருந்தது. தினமும் காலையில் காப்பி, பேப்பர், ஒரு சிட்டிகை மூக்குப்பொடி... அப்புறம் செடி செடியாகக் குனிந்து கிள்ளல். குருத்து இல்லாத நாளில் இலையையாவது தடவிக் கொடுப்பேன். பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பிரசங்கமும் உண்டு.

ஒரு மாதத்தில் இலைகள் வெளுப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக மாறின. சுருண்டன. சில இலைகள் மெலிந்து நூலாக நீண்டன. டி.டி.டி. தூவினேன். எறும்பு செத்தது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர் யூரியா வைக்கச் சொன்னார், வைத்தேன். இலைதான் பெருத்தது. உப்பளத்து அண்ணாச்சி ஒருவர், "தென்னைக்கு உப்பு வைக்கோம்லா? இதுக்கும் ஒரு கை வச்சிப் பாரும்" என்றார். நல்லவேளை, அலமேலு உப்பு ஜாடியை ஒளித்துவிட்டாள்.

வியாதி என்று வந்துவிட்டால் குற்றவாளி வேண்டாமா? பிடித்தேன். பிலோமியம்மா மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர். அதேதான்! சைவச் சாப்பாட்டுக்காரனுக்கு இதைவிட வசதியான குற்றவாளி கிடைக்குமா? மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய செடிகள் தளதளவென்று காய்த்து நின்றன. அது மட்டும் என் கண்ணில் படவில்லை. பால்கடை, சலூன், பஸ் ஸ்டாப் — போன இடமெல்லாம் "நாற்றிலேயே வியாதி" என்று சொல்லிவைத்தேன். தெரு நம்பியது. டின்கள் திரும்பின.

அலமேலு பதறிப்போய் மதிலோரம் நின்றாள். பிலோமியம்மா அவளை நேராகப் பார்த்தார்.

"ஏளா, ஒங்க வீட்டுக்காரரு சொல்லுதது கெடக்கட்டும். நீயும் அப்பிடித்தான் நெனைக்கியா?"

அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். பிலோமியம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று எனக்குச் சாப்பாடு வந்தது. பேச்சு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அலமேலுவின் சித்தப்பா மகன் வந்தான். விவசாய ஆபீஸர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினாலு செடியையும் பார்த்தான். ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. ஆபீஸர் கை அழுக்காகக் கூடாதோ என்று நினைத்தபடியே பொடி டப்பியைத் திறந்தேன்.

"அத்தான், தெனமும் பொடி போட்டுட்டுத்தான் செடியத் தொடுவியளா?"

"ஆமா. ஏன், ஒனக்கும் வேணுமா?"

"எனக்கும் வேண்டாம். செடிக்கும் வேண்டாம்."

விளக்கினான். புகையிலைக்கு வரும் ஒரு வைரஸ் தக்காளியையும் பிடிக்குமாம். புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். புகையிலையை இடித்துச் செய்கிற பொடியில் அது சாகாமல் கிடக்கும், விரலில் ஒட்டும், கிள்ளிய காயம் வழியே உள்ளே போகும். அப்புறம் ஒரு செடியின் சாற்றை அடுத்த செடிக்குக் கொண்டுபோக என் விரல் இருக்கவே இருக்கிறது. மருந்து கிடையாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். இனிமேல் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் செடியைத் தொடக் கூடாது.

"நாற்றிலிருந்தே வந்திருக்கலாமில்லையா?" — விடுவேனா நான்?

அவன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "அப்ப அந்தச் செடிக்கெல்லாம் ஏன் வரல, அத்தான்?"

பதினாலையும் அலமேலுதான் பிடுங்கினாள், பச்சைக் காயோடு. பிடுங்கிக்கொண்டே அழுதாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது. பத்திக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

மதிலோரம் போய் மன்னிப்புக் கேட்டேன். மெதுவான குரலில்தான். பிலோமியம்மா மீன் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"பால்கடையில சொன்னிய. சலூன்ல சொன்னிய. இப்ப எங்காதுல மட்டும் வந்து சொல்லுதியளே, அண்ணாச்சி? ஊரு பூரா படிக்கிற பத்திரிகையில எழுதுதியள்லா... அதுல எழுதுங்க."

எழுதிவிட்டேன். ஐந்து வீட்டுக்காரர்களே, கேளுங்கள்! நாற்றில் குற்றமில்லை. மீன் தண்ணீரிலும் குற்றமில்லை. வியாதி என் விரலில் இருந்தது. அதைவிட வேகமாகப் பரவியது என் வாயிலிருந்து.

இதுவரை எழுதிய தாள்களை அலமேலு மதிலுக்கு மேலே நீட்டினாள். பிலோமியம்மா நின்றபடியே ஒரு வரி விடாமல் படித்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"இந்த மனுசன வச்சிக்கிட்டு எப்பிடிளா காலந் தள்ளுத?"

அலமேலு சிரித்தாள். நாலு நாளாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அரை மணி நேரம் என்னைக் கிழித்தார்கள்.

திட்டு வாங்குவதில் இத்தனை நிம்மதி இருக்கிறதென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது!