நாற்பத்து மூன்றாவது பொட்டு

அக்டோபர் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மெல்லிய தூறல், கிழக்கிலிருந்து லேசான காற்று. அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களிலிருந்து எழுந்த ஆவி மேலே போக மனமில்லாமல் தாழ்ந்து, எங்கள் தகரக் கொட்டகை வரை வந்து கலைந்துகொண்டிருந்தது. அந்த வெண்மைக்குள் ஃபிட்டர் குனிந்து, தண்ணீர் வடியும் வால்வைத் திறந்தார். நான் என் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் கை அசைந்தது ஓரக்கண்ணில் மட்டும் தங்கியிருக்கிறது. நோட்டில் இல்லை.

எதையும் எண்ணி எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். பிளாக் பதினாறில் உள்ள மகனின் குவார்ட்டர்ஸிலிருந்து கொட்டகைக்குச் சைக்கிளில் வரும்போது பதினொரு வேகத்தடைகள். ஒவ்வொரு நாளும் பதினொன்றுதானா என்று சரிபார்ப்பேன். முப்பத்தாறு ஆண்டுகள் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை, இந்தப் பழக்கத்துக்காகவே வெளியூர்க் கல்லூரி ஒன்று ஓராண்டுக்கு வைத்துக்கொண்டது. புகைபோக்கிக்குப் போகும் புகையில் ஒரு சிறு பங்கைக் குழாய் வழியே இழுத்து, அதிலிருந்து கரியமில வாயுவைச் சவ்வால் பிரித்தெடுக்கும் சோதனை அவர்களுடையது. அளவுகளைக் குறிப்பது என் வேலை. குழாய்களையும் வால்வுகளையும் பார்த்துக்கொண்டவர் முத்தாண்டிக்குப்பத்து ஃபிட்டர். நாற்பதைத் தாண்டியவர், பதினான்கு வருடமாகக் கான்ட்ராக்ட். அந்த வருடம் பெர்மனென்ட் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒரு புகார் போதும், பெயர் போய்விடும்.

சவ்வு என்றால் தாள் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது ஒரு உருளைக்குள் அடைத்த வெள்ளை நூல்கட்டு. ஒவ்வொரு நூலும் உள்ளே துளையுள்ள குழல். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அவற்றின் முனைகளை எண்ண முயன்று, நானூற்றுப் பன்னிரண்டில் தவறவிட்டேன். புகை அந்தக் குழல்களுக்குள் போகும். கரியமில வாயு மட்டும் சுவரைக் கடந்து வெளியே கசியும். எப்படி என்று ஃபிட்டரிடம் விளக்க ஆரம்பித்தேன். “பஸ்ஸுல ஏர்ற மாதிரிதான சார்? ஒல்லியா இருக்கறவன் உள்ள பூந்துடுவான். குண்டன் படியிலயே தொங்கிகினு வருவான்” என்றார். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். இயந்திரம் ஓடும்போது கண்ணை மூடி உட்கார்ந்தால், ஊரே அந்த நூல்களின் வழியாக மூச்சு விடுவதுபோல ஒரு மயக்கம் வரும். ஃபிட்டர் எதிரில் பீப்பாய் மேல் உட்கார்ந்து, பேசாமல் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்போது மட்டும் நான் எதையும் எண்ணுவதில்லை.

நூலுக்குப் பகை தண்ணீர். எங்கள் பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம், அதன் புகையிலும் ஈரம். அதை முதலிலேயே குளிரவைத்து, ஒரு குடுவையில் தண்ணீராகச் சேர்த்து வடித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜைக்காக இயந்திரத்தை நிறுத்திக் கழுவினோம். சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் எதையாவது விட்டுவிடுவார்கள் என்ற கவலை. வால்வுகள், பம்புகள், பேனல் கதவுகள் என்று ஒன்றுவிடாமல் வைத்து, ‘பொட்டு 43’ என்று எழுதினேன். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஓட்டினோம். பதினொன்றரை மணிக்கு அளவுகள் சரிந்தன. சோதனையை நடத்தும் கல்லூரியின் ப்ராஜெக்ட் மேடம் உருளையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டியது. நூல்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“காலைல டிரெயின் வால்வைத் திறந்தீங்களா?” என்று மேடம் ஃபிட்டரைக் கேட்டார்.

“தொறந்துட்டுதான் மேடம் ஸ்டார்ட் பண்ணன்.”

அதற்கு என் நோட்டில் சாட்சி இல்லை. மேடம் புகார் எழுதினார். கான்ட்ராக்டர் வந்து, வியாழக்கிழமை கேட் பாஸை ஒப்படைத்துவிடச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை, நின்றுபோன இயந்திரத்தின் முன்னால் செய்வதறியாமல் பொட்டுகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டேதான். மேசைமேல் கழற்றிய பாகங்களுக்கு நடுவில் குடுவையின் பித்தளை மூடி கவிழ்ந்து கிடந்தது. திருப்பினேன். வட்டமான, நெற்றி போன்ற மூடி. நடுவில் ஒரு சிறு மூச்சுத்துளை உண்டு. அது அடைத்தால் காற்று உள்ளே சிக்கி, வால்வு திறந்திருந்தாலும் தண்ணீர் இறங்காது. துளையின் மேல் என் சந்தனம் காரைபோல இறுகியிருந்தது. அதன் நடுவே குங்குமம், சற்றும் கலையாமல்.

மூடியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று முழுவதும் அது அங்கேயே இருந்தது. புதன்கிழமையும். யாராவது தேடினால் எடுத்துக் கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் தேடவில்லை.

வியாழக்கிழமை காலை ஃபிட்டர் ஹெல்மெட்டையும் கேட் பாஸையும் எடுத்துக்கொண்டு வந்தார். எப்போதும்போலப் பீப்பாய் மேல் உட்கார்ந்தார்.

“சார், உங்க நோட்ட ஒரு தபா பாருங்க. நான் வால்வு தொறந்தத எழுதிகினு இருப்பீங்க. காக்கா ஒக்காந்தாகூட எழுதற ஆளு நீங்க.”

“அன்னைக்கு எழுதலப்பா.”

அவர் கோபப்படவில்லை. “வுடுங்க சார். வூட்டுல ஏன் எழுதலன்னு கேட்டா, சாரு அன்னிக்கி லீவுன்னு சொல்லிக்கறன்” என்று சிரித்தார்.

நான் எழுந்து மேடத்தின் மேசைக்குப் போய்க் கைக்குட்டையைப் பிரித்தேன். மேடம் மூடியைப் பார்த்தார். ஊசியால் சந்தனத்தைக் குத்திப் பார்த்தார். அது உதிரவில்லை.

“யார் சார் வச்சது?”

“நான்தான்.”

“இது இத்தனை நாளா எங்க இருந்துச்சு?”

“செவ்வாய்க்கிழமையிலேர்ந்து என் பையில.”

மூடியைத் திரும்பக் கைக்குட்டைமேல் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பொட்டு வச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் சார். பையில வச்சிருந்தீங்க பாருங்க. இனிமே நீங்க எழுதற நம்பரை நான் எப்படி நம்புறது?”

நோட்டை அவர் மேசைமேல் வைத்தேன். அன்று பிற்பகலே ஃபிட்டருக்குக் கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது, புகார் கிழித்தெறியப்பட்டது. கையிருப்பில் இருந்த இன்னொரு உருளையை அவரே பொருத்தினார். இறுதிப் பட்டியல் வெளிவந்த நாளில் வீட்டுக்கு வந்து லட்டு கொடுத்தார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே, “சாரே, புது வண்டி. பொட்டெல்லாம் வச்சிடாதீங்க” என்றார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமையோடு என் வேலை முடிந்தபோது ஒப்பந்தத்தில் ஐந்து மாதம் மீதமிருந்தது. மாதம் பதினேழாயிரத்து ஐநூறு. ஆக எண்பத்தேழாயிரத்து ஐநூறு ரூபாய்.