யோகன் அண்ணையைக் கைது செய்த கதை

உளவாளி வேடம் போடுகிறவருக்கு முதலில் வேண்டியது, நிறுத்தின காருக்குள் கால் விறைக்கும்வரை குந்தியிருக்கிற பொறுமை. கனடாவின் ஸ்காபரோவில் சனி, ஞாயிறுகளில் படம் எடுக்கிற கூட்டத்திடம் ஒருமுறையாவது மாட்டுப்பட்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழமை நாட்களில் நான் ஒரு பல் கிளினிக்கில் றிசெப்ஷனிஸ்ட். வார இறுதிகளில், ஆற்றில் நஞ்சுக் கழிவை ஊற்றுகிற ஒரு தொழிலதிபரை வேவு பார்த்தேன்.

வேடம் கிடைத்த விதம்

உளவாளியாக நடிக்க ஓர் இளம்பெண் தேவை என்று இயக்குநர் திவாகர் அறிவித்திருந்தான். என் தங்கையின் மகள் ஆரணியை, தேர்வு நடந்த மல்வேர்ன் அப்பார்ட்மென்டுக்குக் காரில் கூட்டிப்போனது நான்தான். அவளுக்குக் கராத்தே தெரியும். ஆனால் "உங்கட ஃபக்டரியில என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியும்" என்ற வசனத்தை அவள் சொன்னபோது பீட்சாவுக்கு ஓடர் கொடுப்பதுபோல இருந்தது. அவளுக்கு ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கோ என்று திவாகர் என்னிடம் கேட்டான். சொல்லிக் காட்டினேன். எதிரில் இருந்த கமெராக்காரப் பெடியன் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான்.

தலைமயிர் நரைக்கத் தொடங்கின வயதில் இப்படித்தான் உளவாளியானேன். ஆரணி கோவிப்பாள் என்று பயந்தேன். அவள் சீற் பெல்ட்டைப் போட்டபடி சொன்னாள்: "சீரியஸ்லி, பெரியம்மா, ஆக்களின்ர விசயம் அறியிறது உங்களுக்கு நச்சுரலா வருது."

பிளாசாவில் வேவு

தொழிலதிபர் கடைக்குள் போவதை நான் காருக்குள் இருந்து தூரக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். கமெரா எதிர்ப்பக்கக் காருக்குள் ஒளிந்திருந்தது. நான்காவது தடவை எடுக்கும்போது, இரண்டு கை நிறைய மரக்கறிப் பைகளோடு ஓர் அன்ரி வந்து என் கண்ணாடியில் தட்டினா. கனநேரமாக என்னைக் கவனித்துக்கொண்டு நின்றிருக்கிறா. படப்பிடிப்பு என்று விளக்க வாய் திறந்தேன். அவ இடம் தரவில்லை. முகத்தில் அவ்வளவு பரிவு.

"பிள்ளை, உப்பிடி ஒளிச்சிருந்து பாக்காத. மனுசன் வீட்டை வரட்டும், நேராக் கேள்."

வாசகரும் வில்லனும்

தொழிலதிபராக நடித்தவர் யோகன் அண்ணை. மன்னாரில் பிறந்தவர். சேர்ச்சில் ஞாயிறு பூசையில் வேத வாசகம் வாசிக்கிறவர் என்பதால் குரல் கணீரென்று இருக்கும். ரெக்ஸ்டேலில் ஒரு வெறும் கிடங்கை வாடகைக்கு எடுத்து, "எல்லாத்தையும் ஆத்துக்குள்ள ஊத்துங்கோ" என்று அவர் கட்டளையிடுகிற காட்சியை எடுத்தோம். அதை மட்டும் வெட்டித் திவாகர் முன்னோட்டமாக வெளியிட்டான்.

அடுத்த பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் இருக்கிற ஒருவர் வாசலில் வைத்து அவருடைய கையைப் பிடித்தாராம். யோகன் அண்ணை எங்களுக்கு அதை அப்படியே சொல்லிக் காட்டினார்: "வாசகம் திறம் யோகன், ஆனா தண்ணி எண்டு வந்த இடத்தில எனக்கு வயித்தைப் பிரட்டினது."

கைது

கடைசிக் காட்சிக்கு விட்பியில் திவாகரின் மச்சானுடைய புது வீடு. பின்னேரம் வீட்டுக்காரர் திரும்பிவிடுவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். படம் முழுக்கத் துரத்திய ஆளுக்கு நான் கைவிலங்கு போட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். திவாகர் அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். யோகன் அண்ணை பாத்றூமுக்குப் போய்விட்டு வாறன் என்று போனார். ஆள் வரவில்லை. திவாகர் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினான். நான் தேடிப் போனேன். பேஸ்மென்ட் படியில், கோட்டு சூட்டோடு, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்தபடி குந்தியிருந்தார்.

"தங்கச்சி, ஊரில ஒருக்கா என்ர கையைக் கட்டிக்கொண்டு போனவங்கள்," என்றார். "உதை மட்டும் என்னால ஏலாது. வேற ஆரையும் வைச்சு முதுகுப் பக்கமா எடுக்கச் சொல்லு."

அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேலே வந்தேன். காரணத்தைச் சொல்லாமல், உளவாளி கைவிலங்கு போடமாட்டாள் என்று மட்டும் திவாகரிடம் சொன்னேன். சனம் அதைப் பார்க்கத்தான் வரும் என்று அவன் வாதாடினான். இத்தனை மாதமாக இவளாக இருக்கிறது நான், இவள் என்ன செய்வாள் என்று எனக்குத்தான் தெரியும், ஒருக்கால் என் பாட்டுக்கு விட்டுப் பார் என்றேன். கிளினிக்கில் பல் பிடுங்கப் பயந்து கதவடியில் நிற்கிறவர்களிடம் பேசுகிற அதே குரல். அவன் விட்டுவிட்டான்.

கைவிலங்கு இல்லை என்று சொல்லி யோகன் அண்ணையை மேலே கூட்டிவந்தேன். கமெரா ஓடியது. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் அதுவரை தெரியாது. கதவடியில் அவருடைய வின்ரர் கோட்டு தொங்கியது. அதை எடுத்து நீட்டி, "வெளியில குளிர். போடுங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வாங்கிப் போட்டார். ஒவ்வொரு பொத்தானாக, கழுத்துவரை பூட்டினார். பிறகு தானே கதவைத் திறந்து, பனிக்குள் எனக்கு முன்னால் நடந்து காரில் ஏறினார். திவாகர் கட் சொல்லவில்லை. நாங்கள் காருக்குள் அப்படியே இருந்தோம். முன் கண்ணாடியைப் பார்த்தபடி யோகன் அண்ணை சொன்னார்: "பொத்தான் பூட்டிற வரைக்கும் நிண்டனி. அண்டைக்கு எனக்கு ஒருத்தரும் நிக்கேல்லை."

திரையிட்ட அன்று

மண்டபம் நிறைந்திருந்தது. கேள்வி நேரத்தில், கைவிலங்கு போடாமல் கூட்டிக்கொண்டு போகிறாளே, ஆள் ஓடியிருந்தால் என்ன செய்வது என்று பின்வரிசை அங்கிள் ஒருவர் விடாமல் கேட்டார். நான் மைக்கை எடுக்குமுன் திவாகர் எடுத்துவிட்டான்: "அங்கிள், அக்கா கோட்டைப் போடச் சொன்னா ஒருத்தரும் ஓட மாட்டினம்."

உளவுத்துறையில் என் சாதனை ஒரே ஒரு கைதுதான், அந்தக் கைதியும் கிறிஸ்மஸ் வந்தால் கேக்கோடு வந்து என் வீட்டு பெல்லை அடிக்கிறார்.