வியாகுலத்துக்குக் கறி வேண்டாம்

வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பேக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் வியாகுலம். ஆணியின் தலையில் குறி தப்பாமல் போடத் தெரிந்த மனிதருக்கு, ஆட்களிடம் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லத் தெரியாது. யார் எதைத் தப்பாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். கேட்டால், "பரவாயில்லைங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே முப்பது வயது வரைக்கும் காலத்தை ஓட்டிவிட்டார்.

ஒரு தடவை ஹட்டனில் கால்சட்டை தைக்கக் கொடுத்தார். தையற்காரர் வேறு யாருடையதையோ மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்த யாரோ நல்ல தொந்திக்காரர். வியாகுலம் அதைச் சணல் கயிறு போட்டு இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டு கிறிஸ்மஸ் பூசைக்குப் போய் வந்தார். இன்னொரு தடவை நுவரெலியாவில் ஹட்டன் பஸ் என்று நினைத்து ஏறியது வலப்பனை பஸ்ஸாகப் போய்விட்டது. கண்டக்டர் வலப்பனைக்குச் சீட்டைக் கிழித்து நீட்டியதும், "நான் கேட்டது இது இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. வலப்பனைக்கே போய், கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மறுநாள் வீடு வந்து சேர்ந்தார். "ஊரு எப்படி?" என்று கேட்டவர்களுக்கு, "பரவாயில்லைங்க" என்றார்.

இந்த மனிதருக்குப் பெண் தேடும் பொறுப்பு பெற்றீசியா அத்தையின் தலையில் விழுந்தது. "இவனைத் தனியா விட்டா, வேற எவனுக்கோ பேசி வச்ச பொண்ணைத் தப்பாக் குடுத்தாலும் கூட்டிக்கிட்டு வந்துருவான்" என்று பயந்தே அத்தை அந்த வேலையைக் கையில் எடுத்தார்.

ஆனால் பெண்ணைக் கண்டுபிடித்தவர் வியாகுலம்தான். கோயில் திருநாளில் பார்த்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஜோசப்பின். திருநாளில் அவள் ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, தூரத்தில் மண் தின்ற மூன்றாவதைக் கண்ணாலேயே மிரட்டிக்கொண்டிருந்தாள். வியாகுலத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அது கிடைக்காமல் போனால் நிச்சயமாகப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது என்றும் தெரிந்தது.

நடுவில் ஒரு மலை நின்றது. ஜோசப்பினுடைய அப்பா, றோலண்ட் உபதேசியார். சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் செபம் சொல்லிவைப்பவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பவர். மகளைப் பெண் கேட்டு வந்த ஒருவன் செபமாலை நடுவில் கொட்டாவி விட்டான் என்று வேண்டாமென்றார். இன்னொருவன் கோயில் வாசலில் சீட்டி அடித்தான் என்று துரத்தினார்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், பேக்டரியில் மெஷினை ஓட்டுகிற ரோதைச் சக்கரம் பழுதாகி வேலை நின்றுபோன ஒரு வெள்ளிக்கிழமை. ஹட்டனில் மஃறூப் நானாவின் சாப்பாட்டுக் கடையில் நாலு பேரும் சந்திப்பது என்று அத்தை ஏற்பாடு செய்தார். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளான லயத்தில் வைத்துப் பார்த்தால் மொத்த லயமும் கூடவே உட்கார்ந்து பார்க்குமே, அதனால்தான்.

ரயிலில் அத்தை கடைசிப் பாடம் நடத்தினார்.

"டேய், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். மாம்சத்தை மோந்துகூடப் பாத்துராத. மீனு சாப்பிடலாம், அதுக்குப் பாவமில்ல. கடைக்காரன் வந்து கேட்டதும் கறி வேணாம்னு உபதேசியார் காதுல விழுற மாதிரிச் சொல்லு. அதுலயே பாதிக் கல்யாணம் முடிஞ்சிரும்."

வியாகுலம் ஹட்டன் வரும்வரை "கறி வேணாம், கறி வேணாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

போன நேரம் ஜும்ஆ தொழுகை. கடை பலகை போட்டுப் பூட்டியிருந்தது. உபதேசியாரும் ஜோசப்பினும் முன்னமே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியார் வியாகுலத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செபமாலையை உருட்டினார். பயத்தில் காலையிலும் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்த வியாகுலத்தின் வயிறு, செபத்துக்கு எதிர்ப்பாட்டுப் பாடியது. பலகை இடுக்கு வழியாக மீன் குழம்பு வாசனை வேறு வந்துகொண்டிருந்தது.

கடை திறந்ததும் திரை போட்ட உள்ளறையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற வந்தவர் ரிஸ்வி. கல்முனைப் பக்கத்து ஆள், நடுவயது, அந்த வாரம்தான் ஹட்டனுக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தவர். குளிருக்குக் காதைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தார்.

"தம்பி மொதல்ல சொல்லட்டும்" என்றார் உபதேசியார். அது பரீட்சை என்று எல்லோருக்கும் விளங்கியது.

வியாகுலம் எழுந்தே நின்றுவிட்டார்.

"எனக்குச் சோறு. கறி வேணாம்!"

"கறி வேணாமா?" என்றார் ரிஸ்வி.

"வேணாம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஒரு கறியும் வேணாமா தம்பி?"

"ஒரு கறியும் வேணாம்ங்க!"

உபதேசியாரின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு தட்டுப்பட்டது. "எனக்கும் அப்படித்தான். சோறு. கறி வேணாம்" என்றார்.

ரிஸ்வி இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்ப, அத்தை "எங்க ரெண்டு பேருக்கும் மீனுக் கொழம்போட சோறு" என்று முடித்துவிட்டார்.

தட்டுகள் வந்தன. பெண்கள் தட்டில் மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல், மேலே ஒரு அப்பளம். ஆண்கள் தட்டில் சோறு. வெள்ளைச் சோறு. சுற்றிலும் ஒன்றுமில்லை, ஒரு கல் உப்புகூட இல்லை.

மிச்சம் பின்னால் வரும் என்று வியாகுலம் காத்திருந்தார். பின்னால் வந்தது தண்ணீர். அதை வைத்துவிட்டு ரிஸ்வி போய்விட்டார்.

வியாகுலம் உபதேசியாரின் தட்டைப் பார்த்தார். உபதேசியார் வியாகுலத்தின் தட்டைப் பார்த்தார். 'உபதேசியார் வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா இப்படித்தான் போல. அத்தை இதைச் சொல்லாம விட்டுட்டாங்களே' என்று நினைத்துக்கொண்டு வியாகுலம் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கவளத்தை வாயில் வைத்தார். அதைப் பார்த்து உபதேசியாரும் ஒரு கவளம் வைத்தார். வெறும் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. தண்ணீரை ஊற்றித் தள்ள வேண்டியிருந்தது.

"அப்பா, கொஞ்சம் பருப்பு ஊத்தவா?" என்று கேட்டாள் ஜோசப்பின்.

"வேணாம்மா. தம்பியே இப்படிச் சாப்பிடுறப்ப எனக்கெதுக்குப் பருப்பு?"

ஜோசப்பின் வியாகுலத்தின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

'ஊத்து, ஊத்து' என்று வயிறு கெஞ்சியது. வாய் பழக்கதோஷத்தில், "பரவாயில்லைங்க" என்றது.

பாதித் தட்டு காலியான நேரம் உபதேசியார் கையை நிறுத்தினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நானும் எத்தனையோ வருஷமா உபதேசம் பண்றேன். வெள்ளிக்கிழமை மீனுகூட இல்லாம, உப்புகூடக் கேக்காம இப்படி ஒறுத்தல் பண்ணுற ஆளை நான் கண்டதில்ல. உங்களுக்குக் கல்யாணம் சரிப்படாது. ஆண்டவர் உங்களை மடத்துக்குக் கூப்பிடுறாரு. நாளைக்கே சாமிகிட்டப் பேசி உங்களைச் சேத்துவிடுறேன். துறவியாப் போக வேண்டியவருக்கு என் மகளைக் கட்டிவச்சா, அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா?"

வியாகுலத்துக்குச் சோறு விக்கிக்கொண்டது. தொண்டையிலிருந்து என்னவோ வெளியே வரப் பார்த்தது. பாழாய்ப்போன வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"பரவாயில்லைங்க."

"பாத்தியா பெற்றீசியா! அவரே சம்மதிச்சிட்டாரு!" என்றார் உபதேசியார்.

அத்தைக்குப் புரையேறியது. ஜோசப்பின் கையில் எடுத்த மீன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு வியாகுலத்தின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு நெசமாவே மடத்துக்குப் போக ஆசையா?"

அந்தக் கேள்வியில் கொஞ்சம் வருத்தம் இருந்ததை வியாகுலம் கண்டுகொண்டார். அவளுக்கும் பிடித்திருக்கிறது! சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்து அவர் தலையைச் சுற்றின. சரியாக அந்த நேரம் பார்த்து ரிஸ்வி சோற்றுச் சட்டியோடு வந்து, "தம்பி கறியில்லாமலே நல்லாத் தின்றாரே, இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று ஒரு பெரிய அகப்பை வெறும் சோற்றைத் தட்டில் கவிழ்த்தார்.

வியாகுலம் துள்ளி எழுந்தார்.

"இது நான் கேட்டது இல்லைங்க!"

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். "இது நான் கேட்டதே இல்லைங்க!"

ரிஸ்வி பதறிவிட்டார். "நீங்கதானே கறி வேணாமெண்டு சொன்னீங்க?"

"கறிதான் வேணாம்னேன்! கொழம்பு வேணாம்னு சொன்னனா? பருப்பு வேணாம்னு சொன்னனா?"

"பருப்பும் கறிதானே தம்பி?"

"பருப்பு எப்படிங்க கறியாகும்? பருப்புக்கென்ன காலு இருக்கா, வாலு இருக்கா?"

"பருப்பும் கறி, மீனும் கறி, கத்தரிக்காயும் கறி. சோத்தைத் தவிர எல்லாம் கறிதான்!"

"நாஞ் சொன்ன கறி வேறங்க!" வியாகுலத்துக்கு வார்த்தை கிடைக்கவில்லை. இரண்டு கையையும் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டு, "ம்மே! ம்மே!" என்று கத்திக் காட்டினார்.

திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார் முதலாளி மஃறூப் நானா. ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு, கொம்பையும் கத்தலையும் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கமாட்டாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ரிஸ்வி, உங்கட ஊருல சோத்துல ஊத்துறதெல்லாம் கறி. இந்தத் தோட்டத்து ஆக்களுக்கு எறச்சி மட்டும்தான் கறி. பாவம், வெறுஞ்சோத்தைக் குடுத்து ரெண்டு பேரைக் கொல்லப் பாத்தீங்களே!"

ரிஸ்வி நெற்றியில் அடித்துக்கொண்டார். அத்தைக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

"அப்ப உபதேசியாரய்யா, நீங்க?"

உபதேசியார் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் எறச்சியத்தான் வேணாம்னேன். தம்பி ஒன்னும் சொல்லாமச் சாப்பிடுறாரே, உபதேசியார் நான் எப்படிக் கொழம்பு கேக்கிறது?"

"நீங்க ஒன்னும் சொல்லாமச் சாப்பிடுறீங்களேன்னுதாங்க நான் சாப்பிட்டேன்!" என்றார் வியாகுலம்.

ஜோசப்பின் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அப்பளம் தூளாகிவிட்டது.

திறந்த வாய் திறந்ததுதான் என்று வியாகுலம் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். "ஐயா, நான் மடத்துக்கெல்லாம் போகலைங்க. எனக்கு ஜோசப்பினைக் கட்டிக்கணும்."

"மொதல்ல கொழம்பு வரட்டும். வெறும் வயித்தோட எதையும் முடிவு பண்ணக் கூடாது" என்றார் உபதேசியார்.

குழம்பு வந்தது. பருப்பு வந்தது. ரிஸ்வி குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக ஊற்றினார். வியாகுலம் மீனைத் தலையோடு தின்றார், பருப்பை மறுபடி கேட்டு வாங்கினார், சம்பலை வழித்துத் துடைத்தார். "இன்னும் கொஞ்சம் காரமாப் போடுங்க" என்றுகூடச் சொன்னார். உபதேசியாரும் சளைக்கவில்லை. கடைசியில் விரலைச் சூப்பிக்கொண்டே, "இந்த ஆளைச் சேத்தா மடம் தாங்காது. பெற்றீசியா, சாமிகிட்டச் சொல்லிக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த கோயில் திருநாள் கழிந்து கல்யாணம் நடந்தது. மஃறூப் நானாவும் ரிஸ்வியும் கோயிலில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வியாகுலம் தன் அளவுக்கே தைத்த புதுக் கால்சட்டையில் பீடத்துக்கு முன்னால் நின்றார். தையற்காரரிடம் இரண்டு தடவை திருப்பிக் கொடுத்து வாங்கியது அது.

சாமியார் கேட்டார். "வியாகுலம், இந்த ஜோசப்பினை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

கோயில் நிறையக் கூட்டம். எல்லாக் கண்ணும் அவர் மேல். பழைய வாய் மெல்ல எட்டிப் பார்த்தது.

"பரவாயில்லைங்க சாமி."

கோயில் கொல்லென்று சிரித்தது. உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டார். ஜோசப்பின் முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பினாள்.

"என்னது?"

வியாகுலம் நிமிர்ந்தார். மஃறூப் நானாவின் கடையில் கேட்ட அதே குரல், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"இதுதாங்க சாமி நான் கேட்டது!"